தீயணைப்பு வண்டி வந்தா பில் போடுவாங்களா? 101-க்கு போன் பண்ண பயப்படும் மக்கள்: வண்டிக்கு டீசல் போடும் பணம் யாருடையது?

கடலூர், 
கடலூர் மாவட்டத்தில் கடற்கரையை ஒட்டிய ஒரு கிராமம். மதியம் 2 மணி வெயில். ஒரு கூரை வீட்டின் பின்பக்க கீற்றில் தீ பிடித்துக்கொண்டது. அடுப்பில் இருந்து பறந்த பொறிதான் காரணம் என்கிறார்கள். காற்று வேறு பலமாக வீசியது. அக்கம்பக்கத்தினர் குடத்தில் தண்ணீர் எடுத்து ஊற்றினார்கள். அணையவில்லை.

அப்போது ஒருவர் 101-க்கு போன் பண்ண செல்போனை எடுத்து இருக்கிறார். இன்னொருவர் தடுத்து விட்டார். "வண்டி வந்தா அஞ்சாயிரம் பில் போடுவான். யாரு கட்டுறது? நாமளே அணைச்சுடலாம்" என்று சொல்லி இருக்கிறார். இந்தப் பேச்சில் கால் மணி நேரம் ஓடிப்போனது. பிறகு யாரோ போன் பண்ண, வண்டி வந்தது. வீரர்கள் பக்கத்து வீடுகளுக்கு தீ பரவாமல் தடுத்தார்கள். ஆனால் தீ பிடித்த வீடு முழுவதும் கருகி சாம்பல். ரேஷன் கார்டு, மகளின் பள்ளிக்கூட சர்டிபிகேட், துணிமணி எல்லாம் போச்சு.

வீட்டுக்கார அம்மாவை மறுநாள் பார்த்தேன். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். "பில்லு வரும்னு சொன்னாங்க தம்பி. கடைசில வந்தவங்க ஒத்த ரூவா கேக்கல. ஒரு பாட்டில் தண்ணி குடுத்தேன், அதைக்கூட வேணாம்னுட்டாங்க. முன்னாடியே கூப்பிட்டிருந்தா பீரோவாச்சும் தப்பிச்சிருக்கும்" என்று சொல்லி அழுதார்.

இந்த பயம் அந்த ஊரில் மட்டும் இல்லை. டீக்கடையில் பத்து பேரிடம் கேட்டால் நாலு பேராவது "பெரிய தொகை ஆகும்ல?" என்கிறார்கள். அதனால்தான் தீயணைப்பு வண்டிக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கொஞ்சம் விவரமாக எழுதலாம் என்று தோன்றியது.

ஒரு பைசா கிடையாது

முதலில் முக்கியமான விஷயம். தமிழ்நாட்டில் தீ விபத்துக்கோ, உயிர் மீட்புக்கோ தீயணைப்பு வண்டியை கூப்பிட்டால் கட்டணம் கிடையாது. வீட்டில் தீ, வைக்கோல் போரில் தீ, கியாஸ் சிலிண்டர் கசிவு, கிணற்றில் விழுந்த ஆள், கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு எதுவானாலும் சரி. 101-க்கு போன் பண்ணலாம். 112-க்கு பண்ணினாலும் போய்ச் சேரும்.

அப்படியானால் "பில்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கும் காரணம் இருக்கிறது. சில வேலைகளுக்கு தீயணைப்புத் துறை கட்டணம் வாங்குகிறது. சினிமா ஷூட்டிங்கில் தீ வைக்கும் காட்சி எடுக்கிறார்கள், பாதுகாப்புக்கு வண்டி நிற்க வேண்டும் என்றால் பணம் கட்ட வேண்டும். தனியார் நிகழ்ச்சிக்கு வண்டியை நிறுத்தி வைப்பது, தனியார் இடத்தில் தேங்கிய தண்ணீரை பம்ப் வைத்து இறைப்பது இதற்கெல்லாம் கட்டணம் உண்டு. 18.30 மீட்டருக்கு மேல் உயரமான கட்டிடம் கட்டுகிறவர்கள் தடையில்லா சான்று வாங்க வேண்டும், அதற்கும் பணம் உண்டு. தீபாவளிக்கு பட்டாசுக் கடை போடுகிறவர்களுக்கு இந்த சான்று விஷயம் நன்றாகவே தெரியும்.

எவரோ கல்யாண மண்டபத்துக்கோ ஷூட்டிங்குக்கோ கட்டிய பணத்தை பற்றிய பேச்சு ஊர் ஊராக பரவி, கூரை வீட்டுக்காரர் வரைக்கும் போய் பயமாக மாறி இருக்கிறது.

வீட்டு வரியில் சேருமா?

"நாங்கதான் வீட்டு வரி கட்டுறோமே, அதுல இருந்துதானே?" என்று ஒரு ஆட்டோ டிரைவர் கேட்டார். நல்ல கேள்வி. பதில்: தமிழ்நாட்டில் இல்லை.

அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையில், நகராட்சிகளிடம் கொடுக்கலாம் என்று 18 வேலைகளை எழுதி இருக்கிறார்கள். 1992-ல் நிறைவேறிய 74-வது திருத்தம் அது. அதில் 7-வது வேலை தீயணைப்பு. மும்பையில் இன்றும் மாநகராட்சிதான் தீயணைப்பு படையை நடத்துகிறது. அங்கே மாநகராட்சி வசூல்தான் வண்டியை ஓட்டுகிறது.

தமிழ்நாட்டில் கதை வேறு. இங்கே தீயணைப்பு-மீட்புப் பணிகள் துறை மாநில அரசின் உள்துறைக்கு கீழ் வருகிறது. தலைமை அலுவலகம் சென்னை எழும்பூரில். நிலைய அலுவலர் முதல் டிரைவர் வரை எல்லோருக்கும் சம்பளம் மாநில கஜானாவில் இருந்து போகிறது. நீங்கள் கட்டும் வீட்டு வரி தெரு விளக்கு, ரோடு, குப்பை பக்கம் போய் விடும்.

அப்படி என்றால் கஜானாவுக்கு பணம் எங்கிருந்து வருகிறது? "நான் வரியே கட்டுறதில்லயே" என்று சொல்கிறவர்கள் இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சோப்பு வாங்கினால் ஜி.எஸ்.டி. வண்டிக்கு பெட்ரோல் போட்டால் மாநில அரசின் வாட் வரி. பைக் வாங்கினால் சாலை வரி. ஒரு சென்ட் இடம் வாங்கினால் முத்திரைத்தாள். சாயங்காலம் டாஸ்மாக் பக்கம் போனால் அதற்கும் வரி. இதில் மாநிலத்துக்கு உரிய பங்கு எல்லாம் ஒரே உண்டியலில் விழுகிறது. அதை தொகுப்பு நிதி என்கிறார்கள். சட்டசபையில் ஒவ்வொரு ஆண்டும் தீயணைப்புத் துறைக்கு என்று தனியாக மானியக் கோரிக்கை வைத்து, ஓட்டெடுத்து, அந்த உண்டியலில் இருந்து எடுக்கிறார்கள். தீயணைப்புக்கு என்று தனி வரி போட்டு, தனி டப்பாவில் வைப்பது இங்கே இல்லை.

தலைக்கு எவ்வளவு?

2021 ஆகஸ்டில் தாக்கல் செய்த திருத்திய பட்ஜெட்டில் தீயணைப்புத் துறைக்கு ஒதுக்கியது 405 கோடியே 13 லட்சம் ரூபாய். அதே பட்ஜெட்டில் போலீசுக்கு 8 ஆயிரத்து 930 கோடி.

405 கோடி என்றால் பெரிய தொகையாக தெரியும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 லட்சம். வகுத்துப் பார்த்தேன். ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 56 ரூபாய். மாதத்துக்கு 5 ரூபாய் கூட வரவில்லை. இன்றைக்கு 5 ரூபாய்க்கு ஒரு டீ குடிக்க முடியுமா?

இன்னொரு கணக்கும் போட்டேன். அதே 2021-22-ல் மது விற்பனை மூலம் அரசுக்கு கிடைத்த வரி சுமார் 36 ஆயிரத்து 50 கோடி. ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 99 கோடி. தீயணைப்புத் துறையின் ஒரு வருட செலவு, டாஸ்மாக்கின் நாலே சொச்சம் நாள் வரிக்கு சமம். குடிக்கிறவர்களுக்கு இதை வைத்து சாக்கு சொல்லிக் கொடுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்கு அப்படி வருகிறது.

இந்த 56 ரூபாயில்தான் 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டும், வண்டிக்கு டீசல் இருக்க வேண்டும், ஹோஸ் ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். நகரத்தில் 5 முதல் 7 நிமிடத்தில், கிராமத்தில் 20 நிமிடத்தில் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது நாட்டளவில் வைத்திருக்கும் அளவுகோல். நிலையத்தில் இருந்து 25 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்துக்கு, குண்டும் குழியுமான ரோட்டில், நாலாயிரம் ஐயாயிரம் லிட்டர் தண்ணீரை சுமந்துகொண்டு 20 நிமிடத்தில் எப்படி போக முடியும்? ஒரு வீரரிடம் கேட்டேன். "சார், போன் சீக்கிரம் வந்தா நாங்க பறந்து வருவோம். தீ பாதி எரிஞ்சப்புறம் கூப்பிட்டா நாங்க என்ன சார் பண்றது?" என்றார். பக்கத்து பக்கத்தில் நிலையம் வைக்க வேண்டும் என்றால் 56 ரூபாய் போதாது. அதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

டெல்லியில் இருந்து வரும் பங்கு

15-வது நிதிக்குழு சொன்னதன் பேரில், மாநிலங்களின் தீயணைப்புத் துறையை விரிவாக்கி நவீனமாக்க 5 ஆயிரம் கோடி ரூபாய் திட்டத்தை மத்திய அரசு 2023-ல் கொண்டு வந்தது. இதில் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் திட்டச் செலவில் 25 சதவீதம் சொந்தமாக போட வேண்டும். வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 10 சதவீதம் போதும். இந்தப் பணத்தில் 500 கோடி, சட்டத்தையும் ஏற்பாடுகளையும் சீர்திருத்தும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை.

108 ஆம்புலன்சும் இப்படித்தான் ஓடுகிறது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. மாநில அரசு பணமும், மத்திய அரசின் தேசிய சுகாதார இயக்கப் பணமும் சேர்ந்து ஓடுகிறது. அதுவும் இலவசம்தான். ஆஸ்பத்திரி வாசலில் டிரைவருக்கு "டீ செலவு" கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

சிகரெட்டில் ஒளிந்திருக்கும் புயல் வரி

தனி வரியே கிடையாது என்று மேலே சொன்னேன். அது தீயணைப்புக்கு. புயல், வெள்ளம், பூகம்பம் மாதிரி பேரிடருக்கு என்று ஒரு தனி வரி இருக்கிறது. பலருக்கும் தெரியாது. பெயர் தேசிய பேரிடர் எதிர்பாரா செலவு வரி. 2001-ல் மத்திய அரசு போட்டது. குஜராத் பூகம்பம் நடந்த அதே ஆண்டு.

இதை யாரிடம் வாங்குகிறார்கள்? சிகரெட், பீடி, புகையிலை, பான் மசாலா போடுகிறவர்களிடம். ஒரு காலத்தில் பைக், கார், செல்போன் மீது கூட இருந்தது. 2023 பட்ஜெட்டில் சிகரெட் மீதான இந்த வரியை சுமார் 16 சதவீதம் ஏற்றினார்கள். 70 மில்லி மீட்டர் வரை உள்ள பில்டர் சிகரெட்டுக்கு ஆயிரத்துக்கு 440 ரூபாயாக இருந்தது 510 ரூபாய் ஆனது. அதாவது ஒரு சிகரெட்டுக்கு 51 பைசா. கச்சா எண்ணெய்க்கும் ஒரு டன்னுக்கு 50 ரூபாய் என்று வைத்தார்கள். லிட்டருக்கு கணக்கு போட்டால் 5 பைசாவுக்குள் அடங்கி விடும்.

இந்தப் பணம் தேசிய பேரிடர் நிதிக்கு போகிறது. மாநிலத்தின் கையில் ஏற்கனவே மாநில பேரிடர் நிதி என்று ஒன்று இருக்கிறது. அதில் தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு மத்திய அரசு 75 சதவீதம், மாநிலம் 25 சதவீதம் போடும். பெரிய புயல் அடித்து அது போதவில்லை என்றால்தான் தேசிய நிதியை திறப்பார்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் மாவட்டத்தை புரட்டிப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தது. அப்போது மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டுப் போனார்களே, அந்த மாதிரி குழு வருவது இந்த தேசிய நிதியில் எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்கு பார்க்கத்தான்.

அரக்கோணத்தில் இருந்து ரப்பர் படகோடு வரும் தேசிய பேரிடர் மீட்புப் படை வேறு. ஆங்கிலத்தில் சுருக்கினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கள் வரும். அவர்களுக்கு சம்பளம் மத்திய உள்துறை பட்ஜெட்டில்.

பக்கத்து கேரளாவில் நேரடியாகவே வெள்ள வரி போட்டார்கள். 2018 வெள்ளத்துக்கு பிறகு, 2019 ஆகஸ்டு 1 முதல் 2021 ஜூலை 31 வரை இரண்டு வருடம். 5 சதவீதத்துக்கு மேல் ஜி.எஸ்.டி. உள்ள பொருளை கடையில் வாங்கினால் கூடுதலாக 1 சதவீதம். தங்கம், வெள்ளிக்கு கால் சதவீதம். பில்லிலேயே தனி வரியாக அச்சடித்து இருந்தது. சொன்ன தேதியில் நிறுத்தியும் விட்டார்கள். போட்ட வரியை நிறுத்துவது நம் நாட்டில் அபூர்வம்.

75 டாலர் கட்டாததால் எரிந்த வீடு

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் 2010 செப்டம்பரில் நடந்த சம்பவம் உலகம் முழுவதும் பரபரப்பை ஏற்படுத்தியது. சவுத் புல்டன் என்ற நகரத்தின் தீயணைப்புப் படை, நகர எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 75 டாலர் சந்தா வைத்து இருந்தது. ஒரு குடும்பம் அந்த ஆண்டு சந்தா கட்டவில்லை. குப்பை எரித்த தீ வீட்டுக்கு பரவியது. போன் பண்ணி கெஞ்சினார்கள். எவ்வளவு கேட்டாலும் தருகிறோம் என்றார்கள். படை வரவில்லை. சந்தா கட்டி இருந்த பக்கத்துக்காரரின் நிலத்துக்கு தீ பரவியதும் வண்டி வந்தது. அந்த நிலத்தை மட்டும் காப்பாற்றினார்கள். வீடு எரிவதை நின்று பார்த்தார்கள். வளர்ப்பு நாய்களும் பூனையும் செத்துப் போயின.

நம் ஊர்க்காரர்கள் பயந்த "பில்" அங்கே நிஜமாகவே இருந்தது.

ஆஸ்திரேலியாவில் இன்னொரு மாதிரி. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தீயணைப்பு, அவசர சேவை செலவில் 73.7 சதவீதத்தை இன்சூரன்ஸ் கம்பெனிகள் கொடுக்க வேண்டும் என்று சட்டம். உள்ளாட்சிகள் 11.7 சதவீதம், மாநில அரசு 14.6 சதவீதம். கம்பெனிகள் சும்மா கொடுப்பார்களா? இன்சூரன்ஸ் போட்டவர் தலையில் கட்டி விடுவார்கள். விளைவு என்ன? இன்சூரன்ஸ் போட்டவர் மட்டும் பணம் கட்டுகிறார், போடாதவர் வீட்டுக்கும் அதே வண்டி போகிறது.

இந்த அநியாயத்தை மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலம் மாற்றியது. 2009 பிப்ரவரி 7 காட்டுத் தீயில் 173 பேர் இறந்தார்கள். விசாரித்த கமிஷன், இன்சூரன்சில் வாங்குவதை விட்டுவிட்டு எல்லா சொத்துக்காரரிடமும் வாங்குங்கள் என்றது. 2013 ஜூலை 1 முதல் வீட்டு வரி பில்லோடு சேர்த்து தீயணைப்பு வரி வாங்குகிறார்கள். 2025 ஜூலையில் அதை இன்னும் பெரிதாக்கி, அவசர சேவைகள் எல்லாவற்றுக்குமான நிதியாக மாற்றினார்கள். விவசாயிகளும், சம்பளம் வாங்காமல் தீயணைக்கும் தொண்டர்களும் ரோட்டுக்கு வந்து போராடினார்கள். "தீயை அணைக்கிறதும் நாங்க, வரி கட்டுறதும் நாங்களா?" என்பது அவர்கள் கோபம்.

லண்டனில் 1865-ல் போட்ட சட்டம் மூன்று பக்கமும் கை நீட்டியது. நகர மக்களிடம் சொத்து மதிப்பில் பவுனுக்கு அரை பென்னி, இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் அவர்கள் பாலிசி போட்ட சொத்தில் பத்து லட்சம் பவுனுக்கு 35 பவுன், அரசாங்கத்திடம் ஆண்டுக்கு 10 ஆயிரம் பவுன். அதற்கு முன்பு அங்கே இன்சூரன்ஸ் கம்பெனிகள்தான் சொந்தமாக தீயணைப்பு ஆட்களை வைத்து இருந்தன. 1861-ல் டூலி தெரு கிடங்குகளில் பிடித்த தீ, கம்பெனிகளால் இது முடியாது என்று காட்டி விட்டது.

நம் ஊரில் கூரை வீட்டுக்கு யார் இன்சூரன்ஸ் போடுகிறார்கள்? சிட்னி முறை இங்கே வந்தால் வண்டி ஓடாது. வீட்டு வரியோடு சேர்த்தால் மாடி வீட்டுக்காரர் அதிகம் கட்டுவார், குடிசைக்காரர் குறைவாக கட்டுவார், அது பரவாயில்லை. ஆனால் கிராமப் பஞ்சாயத்தில் வசூலாகும் வீட்டு வரியில் ஒரு வண்டிக்கு டயர் வாங்குவதே கஷ்டம். மாநிலமே மொத்தமாக பார்த்துக்கொள்வதால்தான், வரி அதிகம் வராத மீனவ குப்பத்துக்கும் வண்டி வருகிறது. என் கணக்கில் இப்போது இருக்கும் முறையே ஏழைக்கு நல்லது. குறை, ஒதுக்கும் தொகையில்தான்.

எரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

வண்டி வந்து போன பிறகு பலர் தலையில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறார்கள். மாநில பேரிடர் நிதியில் இருந்து நிவாரணம் வாங்க வழி இருக்கிறது. தீ விபத்தும் அந்த நிதியின் பட்டியலில் உண்டு. 2022 முதல் 2026 வரைக்குமான மத்திய விதிமுறையில் குடிசை சேதத்துக்கு 8 ஆயிரம் ரூபாய், உயிர் இழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். 8 ஆயிரத்தில் கூரை மேய முடியுமா என்று கேட்டால், கீற்று விலை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் அது உங்களுக்கு சேர வேண்டிய பணம். யாரும் தானமாக கொடுப்பது இல்லை.

உடனே வி.ஏ.ஓ.வுக்கு சொல்ல வேண்டும். அவர் வந்து பார்த்து, ஆர்.ஐ. மூலம் தாசில்தாருக்கு அறிக்கை போகும். கருகிய இடத்தை சுத்தம் செய்வதற்கு முன்னால் செல்போனில் நாலு போட்டோ எடுத்து வைப்பது நல்லது. கடை, குடோன் வைத்து இன்சூரன்ஸ் போட்டவர்கள் தீயணைப்பு நிலையத்தில் தீ விபத்து சான்று வாங்க மறக்கக் கூடாது. அது இல்லாமல் கம்பெனி பணம் தராது. இடையில் யாராவது "சான்று வாங்கித் தர்றேன், ரெண்டாயிரம் குடு" என்று வந்தால் நம்ப வேண்டாம். நேராக நிலையத்துக்கு போங்கள். எதற்கு பணம் கட்டினாலும் ரசீது கேளுங்கள்.

அந்த அம்மாவின் நிலைமையை நேற்று விசாரித்தேன். வி.ஏ.ஓ. வந்து பார்த்து எழுதிக்கொண்டு போய் விட்டார். நிவாரணத்துக்கு ரேஷன் கார்டு நகல் கேட்டு இருக்கிறார்கள். அதுதான் எரிந்து போச்சே! இ-சேவை மையத்தில் மாற்று கார்டுக்கு பதிவு செய்து இருக்கிறார். மகளின் சர்டிபிகேட்டுக்கு பள்ளிக்கூடத்தில் மனு கொடுத்தாச்சு. இப்போதைக்கு தம்பி வீட்டு திண்ணையில் தங்கி இருக்கிறார்கள்.